எட்டு நட்டும் ஒரு ஸ்பானரும்

முதல் தடவை அந்த அக்கா என் ஆஸ்பத்திரிக்கு வந்தது மகளின் இருமலுக்கு மருந்து வாங்க. மருந்தை வாங்கிக்கொண்டவர் போகவில்லை. மருந்து அலமாரியையே முறைத்துக்கொண்டு நின்றார். அந்த அலமாரிக் கதவு எனக்குப் பெரிய தொல்லை. முழங்காலால் ஒரு தூக்கு, தோளால் ஒரு இடி, அதற்கப்புறம் மனசு வந்தால் திறக்கும். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசைமேல் கிடந்த மருந்து அரைக்கும் குழவியை எடுத்தார், கீல் ஆணிகளைத் தட்டி உருவினார், கதவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வாசற்படியில் அதன் அடி விளிம்பைக் கரகரவென்று தேய்த்துவிட்டுக் கொண்டுவந்து மாட்டினார். ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தேன், திறந்துகொண்டது.

"தொறக்கவே இவ்ளோ பாடுன்னா, அவசரத்துக்கு என்னா தம்பி செய்வ?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அன்று முழுக்க அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவர் அவர். திறக்கச் சிரமப்படுத்தும் எதையும் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தண்ணீர்க் குழாயின் திருகில் ஒரு மரக்கட்டையை அறைந்து வைத்து, நாலு வயசுப் பிள்ளைகூட உள்ளங்கையால் தள்ளி மூடும்படி செய்திருந்தார். அவர் கட்டின அரிசி மூட்டை ஒரே இழுப்பில் அவிழும். அவர் வீட்டுக் கதவுக்கு உள்ளே இருந்தும் திறக்கலாம், வெளியே இருந்தும் திறக்கலாம் என்று ஒரு தாழ்ப்பாள். திருடன் வருவானே என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பதறினார்கள். வந்தால் என்னத்தை எடுப்பான், மரவள்ளிக்கிழங்கையா என்று கேட்டாராம். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அது ஒன்றுதான் இருந்தது.

ஜப்பான்காரன் காலம் அது. நான் மலாயாவின் கெடாவில், புக்கிட் செலம்பாவுக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸர். டிரஸ்ஸர் என்றால் கட்டுப் போடுகிறவன், ஊசி குத்துகிறவன், பெரிய டாக்டர் இல்லாத நேரத்தில் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறவன். எங்கள் வெள்ளைக்கார டாக்டர், ஜப்பான்காரன் வருகிறான் என்ற சேதி காதில் விழுந்ததுமே காரில் ஏறித் தெற்கே பறந்துவிட்டார். அவசரத்தில் அவர் விட்டுப் போனவை இரண்டு. ஒன்று நான். இன்னொன்று அவருடைய மோட்டார் சைக்கிள்.

எனக்கு இருபத்து மூன்று வயது. நான்கு தோட்டங்களுக்கு நான் ஒருவன்தான் வைத்தியம். என் இடுப்புக்குக் கீழே ஒரு மோட்டார் சைக்கிள். ஐயோ, அந்த அலட்டலைக் கேட்க வேண்டுமா! தலையை வாரி எண்ணெய் தடவிக்கொண்டு, மருந்துப் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, லயத்துக்கு நடுவே தேவையே இல்லாமல் இரண்டு தடவை போய் வருவேன். நானே இதைப் பிரித்து மாட்டுவேன் என்று போகிற தோட்டமெல்லாம் அளந்து விட்டேன். உண்மையில் அதன் எந்த உறுப்புக்கு என்ன பெயர் என்றுகூட எனக்குத் தெரியாது.

வண்டி அப்போதே கிழம். ஒற்றைச் சிலிண்டர், பதினைந்து இருபது வருஷத்துச் சரக்கு. பெட்ரோல் கிடைத்தவரை ஏதோ ஓடியது. பிறகு பெட்ரோல் முழுக்கப் பட்டாளத்துக்கே போய்விட, ரப்பரைப் பீப்பாயில் போட்டுக் காய்ச்சி ஒரு எண்ணெய் எடுத்தார்கள். ரப்பருக்கா எங்களிடம் பஞ்சம்? அந்த எண்ணெயை ஊற்றினால் வண்டி ஓடத்தான் செய்தது. ஆனால் முப்பது நாற்பது மைல் போனால் போதும், எஞ்சினின் தலைக்குள்ளே கரி அப்பிக்கொள்ளும். மூச்சு முட்டி, இருமி, நின்றுவிடும். எஞ்சினின் தலை மூடியைக் கழற்றிக் கரியைச் சுரண்டி எடுத்தால்தான் மறுபடி உயிர் வரும்.

அந்த மூடியைக் கழற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை. எட்டு போல்ட்டு, மூன்று அளவு. இரண்டு போல்ட்டு பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஆகவே முதலில் டேங்கைக் கழற்ற வேண்டும். அதற்கு முன்னால் குழாயைக் கழற்ற வேண்டும். எல்லாம் கழற்றி மூடியைத் தூக்கினால், அடியில் இருக்கும் அட்டை கிழிந்துபோகும். அட்டை சரியில்லாவிட்டால் புகை பக்கவாட்டில் பீறிடும். முதல் தடவை வண்டி நின்றபோது நான் அதைப் பத்து மைல் தள்ளிக்கொண்டு வந்தேன். தோட்டத்தில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், எஞ்சின்காரர் வீட்டு அக்காவிடம் போ என்று.

அதுதான் அவருக்குப் பெயர். எஞ்சின்காரர் வீட்டு அக்கா. சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, அதனால் நானும் இங்கே எழுதவில்லை. முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, நீள நீளமான விரல்கள், பேசும்போது எதிராளியைப் பார்க்காமல் தன் கையில் இருக்கும் சாமானைப் பார்க்கும் பழக்கம். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். ரப்பர் வாங்க ஆளில்லாமல் பால்வெட்டு நின்ற பிறகு கிழங்கு போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கணவர், ரப்பர் பாலை உறைய வைத்து உருட்டும் ஸ்டோரில் எஞ்சின் ஓட்டியவர். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது, எஞ்சின் தெரிந்தவன் என்று முதல் லாரியிலேயே அவரை ஏற்றிப் போய்விட்டார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. அது சண்டை முடிந்த பிறகு தெரிந்த விஷயம். அப்போது அக்கா காத்துக்கொண்டிருந்தார்.

புருஷனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை எஞ்சினைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம். பத்து வருஷம் அப்படி நின்று பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் அவர் படிப்பு.

முதல் நாள் காலையில் உட்கார்ந்து, மத்தியானம் தாண்டி எழுந்தார். முகம் கழுத்தெல்லாம் கரி. வண்டி உறுமியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை எப்படிக் கழற்றுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுங்கள் அக்கா, பெரிய புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினேன். மேலும் கீழும் என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு சொல்லிக் குடுக்குறதுக்கு, இத மாத்திப்புடறது லேசு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்லியிருந்தார். மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த இரண்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு பரபரக்கிறது. ஊரே சோற்றுக்குச் சிங்கியடித்துக்கொண்டிருந்த நேரம், எங்கள் லயத்தில் மட்டும் ஒரு திருவிழா நடந்தது. முதலில் போல்ட்டு. ஒரு மூடிக்கு எதற்கு மூணு ஸ்பானர் என்று கேட்டார். யாருக்குப் பதில் தெரியும்? ஸ்டோரில் துருப்பிடித்துக் கிடந்த ரப்பர் உருட்டும் மிஷினைப் பிரித்து, ஒரே அளவில் எட்டுத் திருகுக் கம்பியும் எட்டு நட்டும் எடுத்து வந்தார். புருஷனின் இரும்புப் பெட்டியில் திருகு மறை வெட்டும் கருவி இருந்தது. பெட்டிக்குப் பூட்டு, சாவி சயாமில். பூட்டை உடைத்தார். மூன்று நாள் உட்கார்ந்து புது மறை வெட்டினார். எட்டுக்கும் இப்போது ஒரே ஸ்பானர்.

அடுத்து டேங்க். கழற்றி வைத்தால்தானே தொல்லை, அப்படியே தூக்கி நிறுத்தினால் என்ன என்று யோசித்திருக்கிறார். துரை பங்களாவில் ஆளில்லை. சமையற்கட்டு அலமாரியில் இருந்த பித்தளைக் கீல்கள் இரண்டு காணாமல் போயின. டேங்கின் முன்பக்கம் அவை வந்து உட்கார்ந்துகொண்டன. பின்பக்கம் ஒரு கொக்கி. கொக்கியை விட்டால் பெட்டி மூடி மாதிரி டேங்க் மேலே எழும்பும். அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். யாருக்கோ பிரசவம் ஆகிவிட்டது என்று நினைத்தார்களாம்.

டேங்க் எழும்பினால் எண்ணெய்க் குழாய் முறியுமே? அதற்கு ஆஸ்பத்திரியில் நான் உயிராக வைத்திருந்த எனிமா குழாயைக் கேட்டார். வளைகிற குழாய்தானே வேண்டும், ரப்பர் குழாய் போதும் என்றார். கொடுத்தேன். மூன்றே நாளில் அந்த எண்ணெய் குழாயைத் தின்று கூழாக்கிவிட்டது. நாலு தோட்டத்துக்கும் இருந்த ஒரே குழாய்! நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் கூழைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, தப்பு என்னுதுதான் என்று ஒத்துக்கொண்டார். பிறகு பழைய செப்புக் குழாயையே ஒரு கட்டையில் சுற்றிச் சுருளாக்கினார். டேங்க் மேலே போனால் சுருள் நீளும், கீழே வந்தால் சுருங்கும். கடைசிவரை அது முறியவில்லை.

கிழியாத அட்டைக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? கல்யாணச் சீராக வந்த செப்புக்குடத்தைத் தூக்கி வந்து என் கண்ணெதிரிலேயே தகரக் கத்திரியால் வெட்டினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அடித்துக்கொள்ளாத குறை. புருஷன் எங்கே இருக்கிறானோ, இவள் சீர்ச் சாமானை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று காதுபடவே பேசினார்கள். அவர் தலை நிமிரவில்லை. தண்ணி மொள்ளத் தகரம் போதும் என்றார். வெட்டின தகட்டை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் துணிபோல மெதுவாகிவிடும். எத்தனை தடவை கழற்றினாலும் அதையே காய்ச்சிக் காய்ச்சி மாட்டிக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் விடவில்லை. மூடியை முடுக்கும்போது ஒரே பக்கமாக முடுக்கினால் வெடித்துவிடும், எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். அது எனக்கு மறந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அரத்தை எடுத்து ஒவ்வொரு நட்டுக்குப் பக்கத்திலும் கோடு போட்டார். ஒரு கோடு, இரண்டு கோடு, எட்டு வரைக்கும். கோட்டை எண்ணிக்கொண்டே போனால் போதும். கரி சுரண்ட ஒரு மூங்கில் சிம்பைச் சீவி ஸ்பானரோடு சேர்த்து ஹாண்டில்பாரில் கட்டினார். இரும்பால் சுரண்டினால் உள்ளே கீறிவிடுமாம்.

எங்களிடம் கடிகாரம் இல்லை. அடுப்பில் கிழங்குப் பானையை ஏற்றிவிட்டு வந்து உட்காருவார். கிழங்கு வேகுமுன் மூடியைக் கழற்றி, கரி எடுத்து, மாட்டி, வண்டியைக் கிளப்ப வேண்டும். முதலில் எல்லாம் கிழங்கு குழைந்து கஞ்சியாகிவிடும். ஒரு நாள் வண்டி கிளம்பிய பிறகு பானையைத் திறந்தால், கிழங்கு கல்லு மாதிரி இருந்தது. லயமே கைதட்டியது. அவர் மட்டும் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"சரி. நா இல்லேன்னா?"

எதைச் செய்து முடித்தாலும் அதைத்தான் கேட்பார். நீங்கள் எங்கே போகப் போகிறீர்கள் என்று நான் சிரித்தேன். குடத்தில் மிச்சமிருந்த தகட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் ஸ்டோர் எஞ்சின் கதையைச் சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

தோட்டத்து எஞ்சின்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எஞ்சினைக் கிளப்பும் சூட்சுமத்தை அடுத்தவனுக்குக் காட்டமாட்டார்கள். காட்டினால் வேலை போய்விடும். இவர் கணவர் ஒரு படி மேலே போனவர். எண்ணெய் போகும் வழியில் இருந்த நட்டை எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் திருகினால் திறக்கிற நட்டு ஒன்றை அவரே கடைந்து போட்டிருந்தார். வேறு யார் திறக்கப் பார்த்தாலும் இன்னும் இறுகும். என்னை விட்டால் இதுக்கு ஆளில்லை, என்னை யாரும் அசைக்க முடியாது என்று பெருமையாகச் சொல்வாராம். லயத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் ஏற்றியதும் அதே எஞ்சின்தான். அவரை லாரியில் ஏற்றிப் போன நாலாம் நாள் அது அடைத்து நின்றது. தோட்டத்து ஆண்கள் எல்லாரும் முறை வைத்துத் திருகினார்கள், இறுக்கித் தள்ளினார்கள். குழாயில் தண்ணீர் நின்றது. சனங்கள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்தார்கள். வயிற்றுப்போக்கு வந்தது. அவருடைய சின்னப் பிள்ளை, ஒன்றரை வயது ஆண் குழந்தை, அதில் போய்விட்டது. பிள்ளை போனது எனக்குத் தெரியும், இந்த நட்டு விஷயம்தான் தெரியாது.

அதற்கு எட்டு நாள் கழித்து, யாரும் இல்லாத நேரத்தில் அவர் ஸ்டோருக்குப் போய் அந்த நட்டை எதிர்ப்பக்கம் திருகிப் பார்த்திருக்கிறார். புருஷனின் மணிக்கட்டு எந்தப் பக்கம் வளையும் என்று நினைத்துப் பார்த்தபோது தெரிந்ததாம். திறந்துகொண்டது. அன்று முதல் குழாயில் தண்ணீர் வந்தது.

"எட்டு நா முன்னாடி நெனப்பு வந்துருக்கலாம்" என்றார். நான் வண்டியைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டேன்.

இரண்டு மூன்று மாதம் போயிருக்கும், அதுவரை கரி சுரண்டும் வேலை அக்காவுடையதுதான். மழை விட்டு விட்டுப் பெய்தது, நாலு தோட்டத்திலும் மலேரியா. என்னிடம் இருந்த குயினைன் முழுக்கத் தீர்ந்தது. அப்போது பார்த்து அவருடைய மகள் விழுந்தாள். எட்டு வயது. மூன்றாம் நாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது, கண் செருகிக் கைகால் வெட்டி இழுத்தது. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. அன்றைக்குள் ஊசி போடாவிட்டால் பிள்ளை தங்காது. நான் மறைக்கவில்லை, அப்படியே சொன்னேன்.

குயினைன் சுங்கைப் பட்டாணி டவுனில் இருந்தது, பதினான்கு மைல். வண்டி ஏற்கனவே இருபது மைல் ஓடியிருந்தது, சுரண்டும் நேரம் நெருங்கியிருந்தது. அக்கா மகளை மடியில் போட்டுக்கொண்டு வண்டியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"போ. வழியில நின்னா நீயே தொற."

போகும்போது நிற்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் கையைக் காலைப் பிடித்து ஆறு ஊசிக்கு மருந்து வாங்கினேன். ஜப்பான் முத்திரை குத்திய சீட்டு ஒன்றும் கொடுத்தார்கள். திரும்பும் வழியில், ஏழாவது மைலில், பாலத்துக்குச் சற்று முன்னால் வண்டி இருமியது. இரண்டு குலுக்கு குலுக்கி நின்றே போனது. பாலத்தில் காவல் இருக்கிறது. வண்டியோடு சும்மா நின்றால் அறை விழும். உச்சி வெயில்.

கொக்கியை விட்டேன். டேங்க் எழும்பியது. ஸ்பானரை எடுத்தேன். எட்டு நட்டும் ஒன்றுபோல அவிழ்ந்தன. கை சுட்டது, தோல் உரிந்தது, யாருக்கு நினைப்பு? மூடியைத் தூக்கினேன், அடுப்புச் சட்டி அடி மாதிரிக் கரி. சுரண்டினேன், ஊதினேன், துடைத்தேன், செப்புத் தகட்டை வைத்தேன், மூடியை வைத்தேன். ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே முடுக்கினேன். உதைத்தேன். உறுமியது! அடடா, நான்! வாழ்நாள் முழுக்க ஒரு ஆணிகூட நேராக அடித்தறியாத நான்! அழுகை வந்துவிட்டது எனக்கு.

நிமிர்ந்தால் எதிரே ஒரு ஜப்பான்காரன் நின்றிருந்தான். லாரிப் பட்டாளத்தவன், முழங்கை வரைக்கும் கிரீஸ். பாலத்தோரத்தில் அவனுடைய லாரிகள் வடக்கே பார்த்து நின்றன. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தானோ. நான் இடுப்பு வளையக் கும்பிடு போட்டேன். அவன் என்னைக் கவனிக்கவே இல்லை. குனிந்து டேங்கின் கீலைத் தொட்டான். சுருள் குழாயை விரலால் சுண்டினான். நட்டுக்குப் பக்கத்தில் இருந்த கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினான். பிறகு உடைந்த மலாயில் கேட்டான்.

"சியாப்பா புவாட்?"

யார் செய்தது. அவ்வளவுதான் கேள்வி. போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில், கொல்லன் நன்றாக வேலை செய்கிறான் என்று யாரோ வாய்விட்டதில் அந்தக் கொல்லனையும் சயாமுக்கு ஏற்றிவிட்டார்கள். எஞ்சின் கை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் பெண் என்றா பார்ப்பான்? கூட்டிப் போவான். பிள்ளை அங்கே மடியில் கிடக்கிறது. மாதக்கணக்கில் நாலு தோட்டத்திலும் அக்காவின் புகழை மூச்சு விடாமல் பாடிய வாய் இது. அந்த வாயால் சொன்னேன்.

"சாயா." நான்.

சொன்ன பிறகுதான், பிடித்துப் போகப் போவது என்னை என்று உறைத்தது. மறுபடி கழற்று என்று கை காட்டினான். சோதிக்கிறான். கழற்றினேன். மாட்டினேன். நல்ல வேளை, கோடு போட்டிருந்தது! பிறகு ஸ்பானரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவனே உட்கார்ந்தான். அவன் கழற்றின வேகத்தை நான் பார்த்ததே இல்லை. மாட்டி முடித்து உதைத்து, வண்டி உறுமியதும் கைகொட்டிச் சிரித்தான். பாலத்தில் நின்ற மலாய்க்காரக் காவல்காரனைக் கூப்பிட்டு டேங்கைத் தூக்கித் தூக்கிக் காட்டினான்.

காவல்காரன் என் சட்டையைப் பிடித்து லாரிப் பக்கம் தள்ளினான். நான் பையைத் திறந்து மருந்தையும் முத்திரைச் சீட்டையும் காட்டினேன், பிள்ளை சாகக் கிடக்கிறது என்று மலாயில் கெஞ்சினேன். லாரிப் பட்டாளத்தவன் அந்தச் சீட்டை வாங்கிப் படித்தான். வண்டியைப் பார்த்தான். இப்படித் திறக்கிற வண்டிக்கு ஆள் எதற்கு, வண்டி மட்டும் போதும், இவன் போகட்டும் என்றான். மலாயில்தான் சொன்னான், எனக்குப் புரிந்தது. அவன் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, லாரிக்குள் இருந்த மலாய்க்கார டிரைவர் என்னைப் பார்க்காமலே, எல்லாம் சயாமுக்கு என்று முணுமுணுத்தார்.

ஏழு மைல். ஓடினேன், நடந்தேன், விழுந்து எழுந்து ஓடினேன். பையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வெயில் சாய்வதற்குள் லயத்துக்கு வந்து முதல் ஊசியைப் போட்டேன். அக்கா வண்டிச் சத்தம் கேட்காததைக் கவனித்திருப்பார், ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் பிள்ளைக்கு வேர்த்தது. வேர்த்துக் கொட்டியது. பாய் நனைந்தது. கண்ணைத் திறந்து, அம்மா பசிக்குது என்றாள். லயம் முழுக்க ஒரே அழுகையும் சிரிப்பும். நான் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், எனக்கு வெட்கமே இல்லை.

பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு அக்கா வெளியே வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். நான்தான் செய்தேன் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். நாலு தோட்டத்துக்கு இருந்த ஒரே வண்டி போய்விட்டது, அவருடைய குடம், அவருடைய இரண்டு மாத உழைப்பு, எல்லாம் போய்விட்டன. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அவனால தொறக்க முடிஞ்சிச்சா?" என்று கேட்டார்.

முடிந்தது அக்கா, உங்களைவிட வேகமாகத் திறந்தான் என்றேன்.

"எங்க கொண்டு போறான்?"

சயாமுக்கு என்றேன். அவர் கஞ்சிக் கிண்ணத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, அந்த வருஷம் முழுக்க நான் அவர் முகத்தில் பார்க்காத ஒரு வெளிச்சத்தோடு என்னைப் பார்த்தார். கையில் இருந்த சாமானைப் பார்க்காமல், என்னையே பார்த்தார்.

"அங்க அது நின்னா எஞ்சின் தெரிஞ்சவர்னு எங்க வீட்டுக்காரரத்தான் கூப்புடுவாங்க. தொறந்தா கொடத்துத் தகட்டப் பாத்தே தெரிஞ்சிரும் அவருக்கு. நாங்க இருக்கோம்னு."

சயாம் எவ்வளவு பெரிய நாடு, அந்த ரயில் பாதை எத்தனை நூறு மைல் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சுவரில் வரைபடம் இருந்தது.

"ஆமாக்கா," என்றேன். "பாத்ததும் தெரிஞ்சிக்குவாரு."